2018-ஐ 365 தாள்களில் அடைத்த நாள்காட்டி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தின் நாளிதழ்க் கடைகளில் இவ்வாண்டுத் தொடக்கத்திலிருந்து விற்கப்படும் தினசரி நாள்காட்டி ஒன்று, வழக்கமாக ராசிபலன் அச்சாகும் இடத்தில், 2018-ஆம் ஆண்டு அதே தேதியில் மலேசியாவில் நடந்ததைச் சில வரிகளில் தருகிறது. விலை 16 ரிங்கிட். மளிகைக் கடைக்காரர்கள் ஆண்டு முடிவில் இலவசமாகக் கொடுக்கும் நாள்காட்டிகள் வீட்டுக்கு இரண்டு மூன்று தொங்கும்போது, காசு கொடுத்து இன்னொன்றை வாங்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நிகழ்ச்சிகளின் தேதியைச் சரியாகச் சொல்லும் இந்த வெளியீடு, அவை ஏன் நடந்தன என்று சொல்ல வேண்டிய இடங்களில் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்துக்குத் தொகுத்தவரின் கவனக்குறைவைக் காட்டிலும், நாளுக்கு ஒரு தாள் என்ற நாள்காட்டியின் அமைப்பே பெரிய காரணம்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் நாடாளுமன்றக் கட்டடத்தையோ வாக்குப் பெட்டியையோ எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வழக்கம்போல் வள்ளி தெய்வானை சமேத முருகன்தான் இருக்கிறார். அதில் குறை காண மாட்டேன், ஏனென்றால் நடுவீட்டில் ஆணியடித்து மாட்டுகிற பொருளுக்கு அதுதான் அழகு. தாளின் நடுவில் பெரிய தேதி எண், அதைச் சுற்றி மலாய், சீன, இஸ்லாமியத் தேதிகள், கீழே நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை. இவற்றுக்குக் கீழேதான் 2018-க்கான பகுதி வருகிறது. இதற்கு இடம் ஒதுக்குவதற்காகப் பஞ்சாங்கப் பகுதியின் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் ராகு காலம் பார்க்கப் பழகிய பெரியவர்கள் இதை மன்னிக்க மாட்டார்கள். மேல்பகுதியில் தடவிய பசை சரியில்லாததால் சில இடங்களில் ஒன்றைக் கிழித்தால் இரண்டு வருகின்றன. சாதாரண நாள்காட்டியில் இது ஒரு பொருட்டல்ல. இதிலோ ஒரு தாள் போனால் ஒரு நிகழ்ச்சியே போய்விடுகிறது. ஆகஸ்ட் மாதத் தாள்கள் சில விடுபட்டிருந்த என் பிரதியைக் கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜனவரி மாதம் நிதானமாகத் தொடங்குகிறது. 7-ஆம் தேதித் தாளில், அப்போது எதிரணியாக இருந்த நம்பிக்கைக் கூட்டணி தன் பிரதமர் வேட்பாளராக மகாதீர் முகமட்டை அறிவித்த செய்தி இருக்கிறது. நான்கே மாதங்களில் அந்த ஒரு வரி எவ்வளவு கனத்துப்போனது என்பதை அறிந்த வாசகருக்கு அது போதும். 31-ஆம் தேதித் தாள் எனக்கு நெருடலாக இருந்தது. அன்றிரவு முழுச் சந்திர கிரகணம் தெரிந்ததாக அது சொல்கிறது. 2018-இல் தைப்பூசமும் அதே நாளில் வந்ததைச் சொல்லவில்லை. கிரகண நேரத்தில் ஆலய நடை சாத்தும் வழக்கமுள்ள நமக்கு, காவடி எடுக்கும் நாளும் கிரகணமும் சேர்ந்து வந்தது சாதாரணச் செய்தியா? இவ்வாண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 1-ஆம் தேதி, அதாவது அடுத்த தாளிலேயே, சிவப்பு மையில் அச்சாகியிருக்கும்போது, தொகுத்தவர் இதை எப்படித் தவறவிட்டார் என்பது புரியவில்லை.

நாள்காட்டி தன் விலைக்கு நியாயம் செய்வது மே மாதத்தில். 9-ஆம் தேதித் தாளை விரிவாகப் பார்க்கலாம். 14-ஆவது பொதுத்தேர்தல் நடந்தது, 1957-இல் நாடு விடுதலை பெற்றது முதல் ஆட்சியிலிருந்த அணி முதன்முறையாகத் தோற்றது, 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் தேசிய முன்னணிக்கு 79 மட்டுமே கிடைத்தன என்று 5 வரிகளில் முடித்திருக்கிறார்கள். மறுநாள் தாளில், 92 வயதான மகாதீர் இரவு ஏறக்குறைய 10 மணிக்கு அரண்மனையில் பிரதமராகப் பதவியேற்றது. எல்லாம் சரி, சொற்சிக்கனமும் பாராட்டத்தக்கது. ஆனால் 2018 மே 9 ஒரு புதன்கிழமை என்பது இந்தத் தாளில் எங்கும் இல்லை. இவ்வாண்டு அதே தேதி சனிக்கிழமை. ஆகவே எண்ணுக்குக் கீழே தடித்த எழுத்தில் ‘சனி’ என்று அச்சாகியிருக்கிறது. 2018-ஐ நேரில் அறியாத இளையவர் ஒருவர், வார இறுதியில் தேர்தல் நடந்ததாகத்தான் இதிலிருந்து புரிந்துகொள்வார்.

அந்தப் புதன்கிழமைதான் அத்தேர்தலின் பாதிக் கதை. வார நடுவில் வாக்களிப்பு என்று தேர்தல் ஆணையம் ஏப்ரல் 10-ஆம் தேதி அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பும், அதன் பிறகு அந்நாள் பொது விடுமுறையாக்கப்பட்டதும், வெளியூரில் வேலை செய்பவர்கள் காரில் இடம் பகிர்ந்துகொண்டும் பேருந்து டிக்கெட்டுக்கு அலைந்தும் சொந்த ஊர் திரும்பியதும் நடந்தது, தேதி வார நடுவில் விழுந்ததால்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பின், நம் பிள்ளைகளில் கணிசமானோர் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வேலை பார்க்கிறார்கள். வாக்கு மட்டும் ஊரில் கிடக்கிறது. இப்படிப்பட்ட பட்டணத்துக்குப் புதன்கிழமை என்றால் என்ன பொருள் என்பதை விளக்க ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். கிழமையைக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பொருளில் கிழமை விடுபட்டது வேடிக்கைதான்.

அடுத்து 16-ஆம் தேதித் தாள். இது வேறு விதமான சிக்கல். அன்று அன்வார் இப்ராஹிம் மாமன்னரின் முழு மன்னிப்புப் பெற்று விடுதலையானார். அதே நாளில், ஜூன் 1 முதல் பொருள் சேவை வரி சுழியமாக்கப்படும் என்று நிதியமைச்சு அறிவித்தது. அன்றிரவு முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் கோலாலம்பூர் இல்லத்தில் காவல் துறையினர் சோதனை தொடங்கினர். மூன்றும் பெரிய செய்திகள். ஒன்றுக்கு இடமிருக்கும் தாளில் மூன்றையும் நெருக்கியதால், எழுத்து எறும்பு வரிசையாகிவிட்டது. இதற்கு மாறாக, பிப்ரவரியில் பல தாள்கள், அமைச்சர் ஒருவர் கண்காட்சி திறந்து வைத்தார் என்பது போன்ற சரக்குகளால் ஒப்பேற்றப்பட்டிருக்கின்றன. நாட்டு நடப்பு தாளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டு வருவதில்லை. நடப்பில்லாத நாளின் இடத்தை வெறுமையாக விட்டு, அதில் பால் கணக்கும் எரிவாயு உருளை மாற்றிய தேதியும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தால் வாங்கியவர் நன்றி சொல்லியிருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்த தாள்கள் ஜூன் 1, செப்டம்பர் 1 ஆகிய இரண்டும்தான். 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி ஜூன் 1-இல் சுழியமானது; செப்டம்பர் 1-இல் விற்பனை சேவை வரி திரும்ப வந்தது. இடையிலிருந்த மூன்று மாதங்களை மக்கள் வரி விடுமுறை என்றே அழைத்தார்கள். கார், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் அப்போது விறுவிறுவென்று விற்றன. தொகுத்தவர் இங்கே புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்திருக்கிறார். ஜூன் 1 தாளில் ஒரு மளிகைக் கடை ரசீதை வரைந்து, 100 ரிங்கிட் பொருளுக்கு 6 ரிங்கிட் வரி என்றிருந்த இடத்தை அடித்துக் காட்டியிருக்கிறார். செப்டம்பர் 1 தாளில் அதே ரசீதில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பக்கத்திலேயே, விற்பனை வரி உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வசூலிக்கப்படுவதால் கடை ரசீதில் தெரியாது, ஆனால் விலைக்குள் புகுந்திருக்கும் என்ற விளக்கம். பொருளாதாரம் படித்தவர்கள் மேடையில் அரை மணி நேரம் எடுத்துக்கொண்ட விஷயத்தை உள்ளங்கை அகலத் தாளில் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. ரசீதில் வரி இல்லை, விலை மட்டும் ஏன் இறங்கவில்லை என்று அன்று கடைக்குக் கடை எழுந்த சச்சரவுக்கு இதில் பதில் இருக்கிறது. நாள்காட்டி முழுவதையும் இந்த ஒழுங்கில் செய்திருந்தால் இந்த விமர்சனமே வேறு மாதிரி அமைந்திருக்கும்.

ஊர்க்காரர் என்ற முறையில் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் விட முடியாது. இந்த நாள்காட்டி பேராக்கில் அச்சாகிப் பேராக்கில் விற்கப்படுகிறது. ஆனால் 2018-ஐ அது முழுக்க முழுக்கப் புத்ராஜெயாவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும்தான் பார்க்கிறது. சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை 1959 முதல் வீ. தி. சம்பந்தனும் 1974 முதல் சாமிவேலுவும் வைத்திருந்தார்கள் என்பதும், 2008-இல் மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ் அதைக் கைப்பற்றினார் என்பதும் இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வரலாறு. 2018-இல் ஜெயகுமாரும் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (மஇகா) தேவமணியும் தோற்று, மக்கள் நீதிக் கட்சியின் எஸ். கேசவன் வென்றார். மே 9 தாளில் இதற்கு அரை வரி கிடையாது. மே 12 தாளிலும் நஜிப் நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்ட செய்தியே இடம் பிடித்திருக்கிறது. எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்காத பேராக் சட்டமன்றத்தில், தேசிய முன்னணியின் உறுப்பினர்கள் இருவரின் ஆதரவோடு நம்பிக்கைக் கூட்டணி ஆட்சி அமைத்து, அகமட் பைசால் அசுமு மந்திரி புசாராக, அதாவது மாநில முதல்வராக, பதவியேற்றது அதே நாளில்தான். தேசிய நிகழ்ச்சி என்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் தலைநகரைத் தாண்டி நீளவில்லை.

செம்பனை பற்றிய தாள்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. உயிரி எரிபொருளில் செம்பனை எண்ணெய்ப் பயன்பாட்டை 2021-க்குள் நிறுத்த வேண்டுமென ஐரோப்பிய நாடாளுமன்றம் ஜனவரி 17-இல் வாக்களித்தது முதல், ஆண்டின் கடைசி மாதங்களில் கச்சா செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 2,000 ரிங்கிட்டுக்கும் கீழே சரிந்தது வரை ஆங்காங்கே பதிவாகியிருக்கிறது. இரண்டு மூன்று ஏக்கரில் செம்பனை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்கள் இங்கு உண்டு; குலை வெட்டும் கூலியைக் கொடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஏதுமில்லை என்று அவர்கள் புலம்பிய மாதங்கள் அவை. நவம்பர் 2 தாளில், வரவு செலவுத் திட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 2019 ஜனவரி முதல் 1,100 ரிங்கிட்டாக உயரும் என்ற அறிவிப்பு இருக்கிறது. அதற்கு முன் தீபகற்பத்தில் 1,000, சபா சரவாக்கில் 920 ஆக இருந்தது என்பதையும் சேர்த்திருப்பது நன்று. விலைச் சரிவையும் சம்பள உயர்வையும் அடுத்தடுத்த தாள்களில் வைத்தவர், இரண்டும் ஒரே தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் மோதிக்கொள்பவை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இனி, இந்த வடிவம் முற்றாகக் கைவிட்ட இடத்துக்கு வருகிறேன். நவம்பர் 26 தாளில், சுபாங் ஜெயா சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் அதிகாலையில் கலவரம் மூண்டது என்று இருக்கிறது. 27-ஆம் தேதித் தாளில் தீயணைப்பு வீரர் முகமட் அடிப் முகமட் காசிம் படுகாயமுற்றார். அதன் பிறகு 19 தாள்கள் வேறு வேறு செய்திகள். டிசம்பர் 17-இல் அவர் உயிரிழந்தார் என்று வருகிறது. அவ்வளவுதான். நாள்தோறும் ஒரு தாள் கிழிப்பவர் டிசம்பர் 17-ஐ அடையும்போது, நவம்பர் 26 குப்பைத் தொட்டிக்குப் போய் மூன்று வாரமாகியிருக்கும். ஒரு மரணமும் ஒரு கலவரமும் தனித்தனித் தாளில், யாருக்கும் யாரோடும் தொடர்பில்லாதவை போல நிற்கின்றன.

தொடர்பு எங்கே இருக்கிறது என்று தோட்டப்புறத்தில் பிறந்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சீபீல்டு என்பது ரப்பர்த் தோட்டத்தின் பெயர். அந்தக் கோயில் தோட்டத் தொழிலாளர்கள் கும்பிட்ட கோயில். தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமாகிறது, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிக்கப்படுகின்றன, மக்கள் கலைகிறார்கள், கோயில் மட்டும் பிறர் நிலத்தில் நிற்கிறது. பிறகு நிர்வாகத்துக்கு உரிமை கோரி இரண்டு தரப்பு, இடம் மாற்றுவது குறித்து 2014-இல் நீதிமன்றத்தில் பதிவான இணக்கத் தீர்ப்பு, அதை ஏற்காதவர்களின் எதிர்ப்பு. இவ்வளவும் நடந்து முடிந்த பின்புதான் 2018 நவம்பர் வருகிறது. கதை அந்த ஆண்டோடு முடிந்ததும் இல்லை. அடிப்பின் மரணம் அடையாளம் தெரியாத இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் குற்றச் செயலால் நேர்ந்தது என்று மரண விசாரணை நீதிமன்றம் 2019 செப்டம்பரில் முடிவு சொன்னது. டிசம்பர் 31-ஆம் தேதித் தாளோடு முடியும் பொருளில் இதற்கு இடம் இருக்காது என்பது உண்மையே. ஆனாலும் நவம்பர் 26 தாளின் அடியில் ‘காண்க: டிசம்பர் 17’ என்று ஒரு குறிப்புப் போட அச்சகத்துக்கு எவ்வளவு மை செலவாகியிருக்கும்? இரு சமூகங்களின் மனத்தில் இன்னும் ஆறாத ஒரு நிகழ்ச்சியைக் காரணம் சொல்லாமல் ‘கலவரம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு சுவரில் தொங்கவிடுவதைவிட, அதை முழுமையாகச் சொல்வதற்கு முன்னட்டையின் உள்பக்கத்தைப் பயன்படுத்தியிருக்கலாம். அந்தப் பக்கம் இப்போது அச்சகத்தின் திருமண அழைப்பிதழ் விளம்பரத்துக்குப் பயன்படுகிறது.

விளையாட்டுத் தாள்கள் சுருக்கமாகவும் நிறைவாகவும் உள்ளன. ஜூலை 1-இல் லீ சோங் வெய் 12-ஆவது முறையாக மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டியை வென்றதும், அதே ஆண்டில் அவருக்கு மூக்குப் புற்றுநோய் என்று தெரியவந்ததும், ஆசியப் போட்டியின் சுவர்ப்பந்து மகளிர் ஒற்றையர் இறுதியாட்டத்தில் நிக்கோல் டேவிட்டும் சிவசங்கரி சுப்பிரமணியமும், மலேசியர் இருவரே, எதிரெதிரே நின்றதும் இருக்கின்றன. பத்துமலையின் 272 படிகளுக்கு வண்ணம் பூசியதை ஆகஸ்டில் வண்ணப் படத்தோடு போட்டிருக்கிறார்கள். நாள்காட்டியிலேயே நன்றாக அச்சான படம் அதுதான். செப்டம்பரில் நச்சுக் கலந்த மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மட்டும் எந்தத் தாளிலும் காணவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்பதாலா என்று கேட்கத் தோன்றுகிறது.

மொழிநடை பொதுவாகப் பிழையற்றது. ஒற்றுப் பிழைகள் சில உண்டு, ஆட்பெயர்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் வரவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் மாட்ட இது ஏற்றது, குறிப்பாக 5, 6-ஆம் ஆண்டு வரலாற்றுப் பாடத்துக்கு. ஆனால் மே, நவம்பர் மாதத் தாள்களுக்கு ஆசிரியர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். பஞ்சாங்கத்துக்காக மட்டும் வாங்குபவர்கள் வழக்கமான 6 ரிங்கிட் நாள்காட்டியோடு நின்றுகொள்ளலாம். அடுத்த ஆண்டும் இதே போல வேறோர் ஆண்டை எடுத்துக்கொள்ளப் போவதாகப் பின்னட்டை சொல்கிறது; அப்படியானால் அந்த ஆண்டின் கிழமையையும், தொடர் நிகழ்ச்சிகளுக்கு முன்பின் தேதிகளையும் அச்சிடட்டும், பசையையும் மாற்றட்டும்.

ஜூலைக்கு மேல் மிச்சமிருக்கும் பிரதிகளைப் பாதி விலைக்குத் தருவதாக என் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவசரமில்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம். மே மாதத் தாள்கள் அப்போதும் கிழிபடாமல் கட்டிலேயே இருக்கும்.